முந்நூத்திப் பதினஞ்சு: ஒரு வேட்டைத் துப்பாக்கி வந்த வழி

தேர்தல் தேதி அறிவித்த சில நாட்களில் நம் பக்கத்துக் காவல் நிலையங்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு போயிருக்கும். வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர், பழைய போர்வையில் சுற்றிய நீளமான பொருளை மேசைமேல் வைப்பார். நிலைய ரைட்டர் பதிவேட்டைப் புரட்டுவார்.

"என்னங்கய்யா, டபுள் பேரலா?"

"இல்ல தம்பி, ரைபிள். முந்நூத்திப் பதினஞ்சு."

ரைட்டர் '.315' என்று எழுதிக்கொண்டு, குழலில் பொறித்திருக்கும் எண்ணை உரிமப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து ரசீது கொடுப்பார். ஓட்டு எண்ணி முடிந்ததும் அந்த ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

பேசிய இருவருக்கும் அந்த எண் பழகிப்போன எண். ஆனால் அது நம் நாட்டு எண் அல்ல. இங்கிலாந்தில் புழங்கிய எண்ணும் அல்ல. ஆஸ்திரிய ராணுவத்துக்காகப் பிறந்த ஒரு தோட்டா, பர்மிங்காமில் வேட்டைக்காரருக்கென்று உருமாறி, வங்காளத்து இஷாப்பூரில் வேர்விட்டு, இன்று புதுக்கோட்டைப் பதிவேட்டிலும் பீகார் குற்றப் பத்திரிகையிலும் ஒரே எண்ணாக நிற்கிறது. வேட்டைத் துப்பாக்கி செய்கிறவன் வழக்கமாக முதலில் கேட்பது "எந்த மிருகத்துக்கு?" என்றுதான். இந்தத் துப்பாக்கி உருவானபோது அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. "எந்தத் தோட்டா சிப்பாய் கையில் இல்லை?" என்று கேட்டார்கள். அந்தப் பதிலுக்கு ஏற்றபடி குழலைக் குடைந்தார்கள்.

குடைவது என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். துப்பாக்கிக் குழலின் பின்முனையில் தோட்டா போய் உட்காரும் இடம் ஒன்று உண்டு. சேம்பர் என்பார்கள். குழல் முழுக்க ஒரே விட்டம் இருக்க, பின்முனையை மட்டும் தோட்டாவின் உடம்பு, தோள், கழுத்து எல்லாவற்றுக்கும் பொருந்துமாறு ரீமரால் குடைந்து எடுப்பார்கள். லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். ரீமரைக் கொஞ்சம் உள்ளே விடுவது, வெளியே எடுத்துச் சுருளைத் துடைப்பது, எண்ணெய் விடுவது, மறுபடி விடுவது. அவசரப்பட்டால் குழல் வீண். கடைசியில் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். 'கோ' கேஜ் உள்ளே இருக்கும்போது போல்ட் சுகமாக மூட வேண்டும். 'நோ-கோ' கேஜ் இருக்கும்போது மூடவே கூடாது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் தலைமயிர் கனம்தான். அது கூடிவிட்டால் சுடும்போது பித்தளைக் கூடு பின்பக்கம் கிழிந்து, சூடான வாயு சுடுகிறவனின் கண்ணுக்கு நேரே வரும்.

லண்டனில் ஆளைப் பார்த்துத் துப்பாக்கி செய்யும் பழைய பட்டறைகளில் இன்னும் ஒரு வழக்கம் இருக்கிறது. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டி இரும்புப் பாகத்தில் கரி ஏற்றி, அதை மரக்கட்டையில் பொருத்தி எடுப்பார்கள். கட்டையில் எங்கெல்லாம் கரி ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் மரம் இடிக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் உளியால் சீவி மறுபடி பொருத்துவார்கள். உள்முகம் முழுக்க ஒரே சீராகக் கரி படியும்வரை இது நடக்கும். இரும்பும் மரமும் நடுவில் காற்றுப் புகாத அளவுக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால்தான், நூறாவது தோட்டாவும் முதல் தோட்டா போன இடத்துக்கே போகும். வேலை முடிந்ததும் துப்பாக்கி சோதனைச் சாலைக்குப் போகும். லண்டன் துப்பாக்கிக்காரர் சங்கம் 1637-ல் சாசனம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-ல் சட்டப்படி வந்தது. அங்கே வேண்டுமென்றே மருந்தைக் கூட்டிய தோட்டாவை வைத்துச் சுடுவார்கள். வெடிக்காமல் தாங்கினால் குழலில் முத்திரை விழும்.

இப்படிச் செய்த துப்பாக்கிகளில் இந்தியாவில் பேர் பெற்றது ஜிம் கார்பெட்டின் ரிக்பி. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை அவர் 1907-ல் சுட்டு வீழ்த்தினார். அதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹீவெட் அவருக்குக் கொடுத்த பரிசு அது. ஜெர்மனியின் மவுசர் கம்பெனி செய்த போல்ட் அமைப்பை வாங்கி, லண்டன் ரிக்பி கம்பெனி குழலும் கட்டையும் பொருத்தி, .275 என்று பேர் வைத்து விற்றது. அந்தத் தோட்டாவும் ராணுவத் தோட்டாதான். ஸ்பெயின் ராணுவம் எடுத்துக்கொண்ட 7 மில்லிமீட்டர் மவுசர். தென்னாப்பிரிக்காவில் போயர்கள் இங்கிலாந்துச் சிப்பாய்களைச் சுட்டதும் இதே தோட்டாவால்தான். 7 மில்லிமீட்டரை அங்குலமாக்கினால் .275 வரும். எதிரி நாட்டு வாடை போக அங்குலத்தில் எழுதிவிட்டார்கள். அந்தத் துப்பாக்கி பல காலம் கார்பெட்டின் நூல்களை வெளியிட்ட பதிப்பகத்திடமும் பிறகு ரிக்பி கம்பெனியிடமும் இருந்துவிட்டு, 2016-ல் இந்தியாவுக்கு வந்து குமாவூன் மலைகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிற்று.

நம் பெரியவர் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்ததும் இதே கணக்குத்தான். 8 மில்லிமீட்டரை 25.4 ஆல் வகுத்துப் பாருங்கள், .315 வரும். ஃபெர்டினாண்ட் மன்லிஹர் என்ற பொறியாளரின் துப்பாக்கியை ஆஸ்திரிய-ஹங்கேரிய ராணுவம் 1880களின் கடைசியில் எடுத்துக்கொண்டது. ஸ்டெய்ர் ஊர் ஆலையில் அது லட்சக்கணக்கில் தயாரானது. அதன் தோட்டா முதலில் கரிமருந்தோடு வந்தது. 1890 வாக்கில் புகையில்லா மருந்துக்கு மாறியபோது கூட்டின் நீளம் 50 மில்லிமீட்டர் ஆயிற்று. அடியில் விளிம்பு வைத்த பித்தளைக் கூடு, ஏறத்தாழ 16 கிராம் கனத்தில் உருண்டைமூக்குக் குண்டு, விநாடிக்கு 600 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும் வேகம். இங்கிலாந்து ராணுவத்தின் பிற்கால .303 தோட்டாவின் 740 மீட்டரோடு ஒப்பிட்டால் இது மெதுவானது, கனமானது. ஆனால் மானுக்கும் பன்றிக்கும் இது போதாது என்று சொல்ல முடியாது.

இந்த ஆஸ்திரியச் சரக்கு இந்தியாவுக்கு ஏன் வந்தது? இதைச் சொல்ல நூறு ஆண்டு பின்னால் போய்ப் புதுக்கோட்டைச் சீமைக்குத்தான் வர வேண்டும்.

இந்தச் சீமையின் வேட்டை ஆயுதம் வளரி. ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் பிறைபோல வளைந்த எறிகோல். மரத்தில் செய்வார்கள், இரும்பில் செய்வார்கள், அரண்மனைக்கென்றால் தந்தத்திலும் செய்வார்கள். முயலும் மானும் ஓடும்போது காலைப் பார்த்து எறிவது வழக்கம். சண்டை என்று வந்தால் ஆளின் காலுக்கும் அதே எறிதான். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் ஜேம்ஸ் வெல்ஷ், சின்ன மருதுதான் தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் என்று பின்னாளில் நினைவு கூர்ந்து எழுதினார். அதே மருதுவைப் பிடிக்கப் போன படையில் அவரும் இருந்தார். 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த டிசம்பரிலேயே சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ், தென் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து பிரகடனம் போட்டார். வேலும் வளரியும் நாட்டுத் துப்பாக்கியும் ஒரே நாளில் குற்றப் பொருள்கள் ஆயின. கோட்டைகள் இடிக்கப்பட்டன.

புதுக்கோட்டையில் மட்டும் நிலைமை வேறு. தொண்டைமான்கள் கம்பெனிப் பக்கம் நின்றவர்கள். திருச்சி முற்றுகைக் காலத்திலிருந்தே உதவியவர்கள். 1799-ல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர்கள். ஆகவே அரண்மனை ஆயுதச்சாலை அப்படியே இருந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளை வெளியிட்டபோது வளரியைப் பற்றிய தகவலுக்குப் புதுக்கோட்டைத் திவானைத்தான் கேட்டார். அரண்மனையில் வளரி எப்போதும் இருப்பில் உண்டு என்று திவான் தெரிவித்தார். மற்ற சீமைகளில் பறிக்கப்பட்ட ஆயுதம் இங்கே நூறு ஆண்டுக்குப் பிறகும் ஆயுதச்சாலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1910-ல், சமஸ்தானம் தனக்கென்று ஓர் அருங்காட்சியகம் தொடங்கியது. இன்று திருக்கோகர்ணத்தில் இருப்பது அதுதான். சென்னைக்கு அடுத்து தமிழ்நாட்டில் பெரிய அரசு அருங்காட்சியகம் என்று அதைச் சொல்வது வழக்கம். சமஸ்தானத்தின் குலதெய்வமான பிரகதாம்பாள் கோயிலும் அதே ஊரில்தான்.

கம்பெனி போய் ராணி ஆட்சி வந்தபின் ஆயுதப் பறிப்பு தேசம் முழுக்கப் பரவியது. லிட்டன் பிரபு காலத்து 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம் என்றது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. காங்கிரஸ் தன் மூன்றாவது மாநாட்டை 1887-ல் சென்னையில் நடத்தியபோதே இந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஐரோப்பியருக்கு விலக்கு என்றாலும் அவர்கள் வைத்திருக்கும் தோட்டாமேல் அரசுக்குக் கண் இருந்தது. தேயிலைத் தோட்டத் துரை வீட்டில் திருடுபோகும் .303 தோட்டா, எல்லைப்புறத்துப் பதான் கையிலுள்ள .303 துப்பாக்கிக்கு அப்படியே பொருந்தும். மார்ட்டினி-ஹென்றிக்கும் இதே சங்கடம். ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராணுவ அளவுகளையும் .450 அளவையும் பொதுமக்களுக்கு விற்பது தடைசெய்யப்பட்டது. வேட்டைக்காரர்கள் கத்தினார்கள். துப்பாக்கிக் கம்பெனிகள் புது எண்களைத் தேடின. யானைத் துப்பாக்கிகளில் .470, .465 என்று திடீரென்று புதிய அளவுகள் முளைத்ததற்குக் காரணம் யானை அல்ல, இந்தத் தடைதான்.

அரசின் பயம் வீண் பயமும் அல்ல. 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கியால். 1914 ஆகஸ்டில் கல்கத்தா ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கில் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் புரட்சிக்காரர்கள் கைக்குப் போயின. துப்பாக்கி கிடைப்பதைவிடத் தோட்டா கிடைப்பதுதான் கடினம் என்பது அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் தோட்டாவில் கைவைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் மன்லிஹர் தோட்டா பர்மிங்காம் கம்பெனிகளின் கண்ணில் பட்டது. பி.எஸ்.ஏ. நிறுவனம் ராணுவத்துக்கு லீ துப்பாக்கியைச் செய்துகொண்டிருந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவிலும் அமெரிக்காவிலும் வேலை பார்த்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் அமைப்பு அது. 1888-ல் லீ-மெட்ஃபோர்டு என்றும் 1895-ல் லீ-என்ஃபீல்டு என்றும் ராணுவத்துக்கு வந்தது. அதே அமைப்பில் வேட்டைக்கென்று மெல்லிய குழலும் சின்னக் கட்டையும் வைத்து 'லீ-ஸ்பீடு' என்று விற்றார்கள். .303-க்குத் தடை வந்ததும், அதன் விளிம்பளவுக்கு நெருங்கிய விளிம்புள்ள ஒரு தோட்டா தேவைப்பட்டது. போல்ட் முகத்தையும் மேகசினையும் பெரிதாக மாற்றாமல் குழலையும் சேம்பரையும் மட்டும் மாற்றினால் போதும். 8 மில்லிமீட்டர் மன்லிஹர் அதற்கு வாகாக அமைந்தது. இந்தியாவில் எந்தச் சிப்பாய் கையிலும் அது இல்லை. 1914-ல் உலகப் போர் வெடித்து, இங்கிலாந்துக்கு எதிரே ஆஸ்திரியா நின்றபோதும் இந்தியக் காடுகளில் துரைமார் சுட்டுக்கொண்டிருந்தது எதிரி ராணுவத்தின் தோட்டாதான் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

லீ போல்ட்டைக் கையாண்டவர்களுக்கு அதன் சுபாவம் தெரியும். கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளும்போது பாதி தூரம் எண்ணெயில் வழுக்குவதுபோல் போகும். கடைசி ஓரங்குலத்தில் வில் எதிர்த்து நிற்கும். அங்கேதான் அடிமுள் பின்வாங்கித் தயாராகிறது. மவுசரில் இந்த வேலை கைப்பிடியைத் தூக்கும்போதே நடந்துவிடும். மவுசரில் பூட்டுக் காதுகள் போல்ட்டின் முன்முனையில், தோட்டாவுக்கு ஒட்டினாற்போல் இருக்கும். லீயில் அவை பின்னால் இருக்கும். அதனால் லீ வேகமானது, மவுசர் உறுதியானது. பழைய வேட்டைக்காரர்களிடம் எது மேல் என்று கேட்டால் இன்றைக்கும் சண்டை வரும். ஐந்தே தோட்டா போட்டு, காட்டில் ஒரு குண்டுக்கு மேல் சுட வாய்ப்பில்லாத நிலையில் லீயின் வேகத்தால் என்ன பயன் என்பது என் கட்சி. நம் தமிழ்க் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்த கென்னத் ஆண்டர்சன் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேரவில்லை. அவர் கையில் இருந்தது வின்செஸ்டர் .405. போல்ட்டே கிடையாது, கீழே நெம்புகோல்.

சமஸ்தான மன்னர்களுக்கு இந்த அளவுத் தொல்லைகள் அதிகம் இல்லை. ஆயுத விதிகளில் அவர்கள் பெயர் விலக்குப் பட்டியலில் இருந்தது. லண்டனிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வேண்டியதை வரவழைத்தார்கள். 17 குண்டு மரியாதை பெற்ற புதுக்கோட்டை மன்னருக்கும் அதில் குறை இருந்திருக்காது. ஆனால் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க்கை மணந்து, அதற்கு அரசு ஒப்புதல் கிடைக்காமல் ஐரோப்பாவில் போய்த் தங்கிவிட்டார். 1928-ல் அங்கேயே காலமானார். அவருக்குப்பின் வந்த ராஜகோபாலத் தொண்டைமான் 1948 மார்ச் 3-ல் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தார். விலக்குப் பட்டியலும் அத்தோடு போயிற்று.

இனி இஷாப்பூர். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் பழைய வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில் 1904-ல் துப்பாக்கி ஆலை வந்தது. இரண்டு உலகப் போருக்கும் லீ-என்ஃபீல்டு அங்கே தயாரானது. காவல் துறைக்கென்று ஒரு துப்பாக்கியும் அங்கே தயாரானதை இந்த வரலாற்றில் சொல்லியாக வேண்டும். .303 குழலின் வரிகளைக் குடைந்து வழுவழுப்பாக்கி, .410 மஸ்கட் என்று மாற்றி இந்தியப் போலீஸ்காரர் கையில் கொடுத்தார்கள். துப்பாக்கி அதே துப்பாக்கி. ஆனால் சேம்பரில் ராணுவத் தோட்டா வேலை செய்யாது, எறிதூரம் குறைவு. நம் காவல் நிலையங்களில் '410 மஸ்கட்' வெகுகாலம் சுவரில் சாய்ந்து நின்றது. அந்நிய அரசு யாரை எவ்வளவு நம்பியது என்பதை இஷாப்பூரின் ரீமர்களை வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சுதந்திரம் வந்தது. பயம் மட்டும் போகவில்லை. 1959 ஆயுதச் சட்டம் துப்பாக்கி அளவுகளைத் தடைசெய்தவை, தடைசெய்யாதவை என்று இரண்டாகப் பிரித்தது. .303 தடைப் பட்டியலிலேயே தங்கியது. .315 வெளியே இருந்தது. இஷாப்பூர் ஆலை லீ அமைப்பிலேயே .315 வேட்டைத் துப்பாக்கியைச் செய்து பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. புனேயை அடுத்த கட்கி ஆலை தோட்டா செய்தது. 'கே.எஃப்.' என்று அடியில் பொறித்த கூடுகளைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். 1962 சீனப் போருக்குப்பின் இஷாப்பூர் அதே லீ அமைப்பை உறுதியான எஃகில் செய்து, 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்றி '2ஏ' என்று ராணுவத்துக்குக் கொடுத்தது. பல நாடுகளில் லீ ஓய்வுபெற்ற பிறகும் இந்தியா அதை விடவில்லை. உத்தரப் பிரதேசக் காவல் துறை .303-ஐ அதிகாரபூர்வமாக வழியனுப்பியது 2020 குடியரசு தினத்தில்தான்.

வேட்டைத் துப்பாக்கி கைக்கு வந்தது, வேட்டை கையைவிட்டுப் போயிற்று. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை உரிமத்துக்குள் அடைத்தது. 1991 திருத்தம் அந்த உரிமத்தையும் எடுத்துவிட்டது. 1980களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் நின்றுபோனதால் ரைபிள் வேண்டும் என்கிறவருக்கு இஷாப்பூர் .315-ஐ விட்டால் பெரிதாக வழியில்லாமல் போயிற்று. யாருக்கு ரைபிள் வேண்டும்? வட மாநிலங்களில் பண்ணையாருக்கும், ஒப்பந்தக்காரருக்கும், பின்னால் ஆள் நடக்க வேண்டிய அரசியல்வாதிக்கும். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறவருக்கும். ஆலைத் தோட்டா கடையில் கிடைத்ததும், அதற்குப் பொருந்துமாறு கள்ளத் துப்பாக்கிக்காரர்கள் 'கட்டா' என்ற நாட்டுக் கைத்துப்பாக்கி செய்தார்கள். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பிடிபடும் நாட்டுக் கைத்துப்பாக்கிகளைப் பற்றிய செய்திகளில் '315 போர்' என்ற சொல் அலுக்கும்வரை வரும். கலகக்காரன் கைக்குத் தோட்டா போய்விடக்கூடாது என்பதற்காகத் தேர்ந்தெடுத்த அளவு, கடைசியில் குற்றவாளியின் அளவாகிவிட்டது. பறிப்பதாலும் தடுப்பதாலும் மட்டும் ஆயுதம் குறைவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

தமிழ்நாட்டில் .315 அந்த அளவுக்குப் பரவவில்லை. அதற்கு ஒரு காரணம் நிலம். புதுக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முள்காடு, கண்மாய், குன்று, குன்றடியில் ஊர். இரண்டு கிலோமீட்டரைத் தாண்டிப் போகக்கூடிய குண்டை இங்கே எந்தப் பக்கம் பார்த்துச் சுடுவது? நரிக்குறவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியும், விவசாயிகள் வைத்திருந்த ரவைத் துப்பாக்கியும் இந்த நிலத்துக்குப் பொருந்தின. ரவை ஐம்பது அறுபது மீட்டரிலேயே பெரும்பாலும் வலுவிழந்துவிடும். ரைபிள் குண்டு எங்கே ஓயும் என்று சுட்டவனுக்கே தெரியாது. 2021 டிசம்பர் 30-ல் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டித் தளத்தில் மத்தியப் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது பறந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. ஜனவரி 3-ல் அவன் இறந்துபோனான். தளம் மூடப்பட்டது. திருக்கோகர்ணத்திலிருந்து நார்த்தாமலை அதிக தூரமில்லை. பயிற்சி பெற்ற படை, வரையறுத்த தளம் இருந்தும் இப்படி நடந்தது.

துப்பாக்கிச் சங்கதியில் இந்த வட்டாரம் பின்தங்கியதும் அல்ல. புதுக்கோட்டையிலிருந்து திருச்சிப் பக்கம் போனால் நவல்பட்டில் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. 1966-ல் தொடங்கியது. இன்சாஸ் முதல் திருச்சி அசால்ட் ரைபிள் வரை செய்தது. அங்கே உருவான 'வித்வன்சக்' ஒரு போல்ட் துப்பாக்கி. ஒரே உடம்புக்குக் குழலை மாற்றி மாற்றி 12.7, 14.5, 20 மில்லிமீட்டர் என்று மூன்று அளவுகளில் சுடலாம். கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து பதுங்குகுழியையும் நிற்கும் வாகனத்தையும் அடிப்பதற்கு அது. பர்மிங்காமில் சட்டத்துக்குப் பயந்து குழலை மாற்றினார்கள், நவல்பட்டில் இலக்கைப் பார்த்து மாற்றுகிறார்கள். 2021 அக்டோபரில் ஆயுத ஆலை வாரியம் கலைக்கப்பட்டபோது திருச்சியும் இஷாப்பூரும் ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டன. தொண்டைமான் குடும்பத்திலிருந்து வந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் இந்தியாவுக்காகச் சுட்டார். அவர் கையில் இருந்ததும் ரவைத் துப்பாக்கிதான். சுட்டது களிமண் தட்டை.

இப்போது காட்டுப்பன்றி மறுபடி பேச்சுக்கு வந்திருக்கிறது. கடலையையும் சோளத்தையும் உழுதுபோட்டுவிட்டுப் போகும் பன்றியைச் சுட அனுமதி வேண்டும் என்று விவசாயிகள் வெகுநாளாகக் கேட்டார்கள். கேரளா 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்து, உரிமத் துப்பாக்கிக்காரர்களை அழைத்தது. தமிழ்நாடு அந்த வழிக்குப் போகவில்லை. 2025 தொடக்கத்தில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை ஆட்கள் மட்டுமே சுடலாம். 1 கிலோமீட்டருக்கும் 3 கிலோமீட்டருக்கும் நடுவில் வந்தால் பிடித்துக் காட்டில் விடுவதுதான், சுடுவது இல்லை. நம் நிலத்தை நினைத்தால் தமிழ்நாட்டு முறைதான் சரி. அதே நேரத்தில், பன்றி தின்ற பயிருக்கு நஷ்டஈடு வேகமாக வராதவரை அது பாதிச் சரி.

ஆகவே இன்று தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கும் .315-களில் பல சுடுவதே இல்லை. தாத்தா வாங்கியது, அப்பா எண்ணெய் போட்டது, பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. உரிமக்காரர் காலமானபின் அது பீரோவுக்குப் பின்னாலேயே நின்றால் அன்றிலிருந்து அது உரிமமில்லாத ஆயுதம், வைத்திருப்பவர் மேல் வழக்குப் போடலாம். வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் மறைக்காதீர்கள், ஆற்றிலும் கிணற்றிலும் போடாதீர்கள். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வைத்துக்கொள்ள விருப்பம் என்றால் 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கு வழி இருக்கிறது. உரிமக்காரர் இறந்தபின் மட்டுமல்ல, அவருக்கு 70 வயது ஆனாலும், அல்லது 25 ஆண்டு வைத்திருந்தாலும் வாரிசு விண்ணப்பிக்கலாம். வேண்டாம் என்று சரண் கொடுப்பவர்கள், அதற்கு முன் குழலிலும் போல்ட்டிலும் உள்ள முத்திரை, எண், ஆண்டு எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். பர்மிங்காம் சோதனை முத்திரையோடு ஒரு பழைய பி.எஸ்.ஏ. கிடைத்தால் அது உருக்காலைக்குப் போவதைவிட, செயலிழக்கச் செய்து வளரிக்குப் பக்கத்தில் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தில் இருப்பது நல்லது. மாவட்ட நிர்வாகம் இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் வாரிசு விண்ணப்பம் கொடுக்க வேண்டிய இடம் ஆட்சியர் அலுவலகம். அது நடப்பது தொண்டைமான் மன்னரின் அரண்மனையாக இருந்த கட்டடத்தில்.